கேப் போடுமுன் ஈறை அளந்தார்களா?

1970-இல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த 480 ஆண்களின் பற்களையும் ஈறுகளையும் ஒரு வெளிநாட்டு மருத்துவக் குழு அளந்து குறித்துக்கொண்டது. குழுவின் தலைவர் நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோ. அளக்கப்பட்டவர்கள் தமிழர்கள், சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளோடு கடல் தாண்டிப் போன குடும்பங்களால் உருவான சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பல் மருத்துவம் அவர்களுக்கு எட்டியதே இல்லை. முறையாகப் பல் துலக்கும் பழக்கமும் இல்லை. அந்தத் தோட்டங்கள் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணமே அந்த இல்லாமைதான். யாரும் கைவைக்காத வாயில் ஈறு நோய் தன் போக்கில் போனால் எங்கே போய் நிற்கும் என்பதை 1985 வரை, 15 ஆண்டுகள், அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் வறுமையே ஆய்வுக் களமானது நெஞ்சை உறுத்துகிறது. அவர்கள் வாயிலிருந்து கிடைத்த அறிவு இன்று ஈறு மருத்துவத்தின் அடிப்படைப் பாடமாக இருக்கிறது. அந்த அறிவை அவர்களுடைய பூர்வீகச் சீமையே சரிவரப் பயன்படுத்தாமல் இருப்பது அதைவிட உறுத்துகிறது.

1986-இல் வெளியான முடிவுகள் இவை. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது: 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போயின, 40 வயதில் 20, 45 வயதில் வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. 81 சதவீதம் பேருக்கு அது நிதானமாக நடந்தது. 30 வயதுக்கு மேல் பல் விழத் தொடங்கி, 45 வயதுக்குள் 7 பற்கள் போயின. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறில் வீக்கம் இருந்தும் நோய் உள்ளே இறங்கவில்லை, பற்களும் ஏறக்குறைய முழுதாக நின்றன. இந்தக் கணக்கில் எல்லோரும் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தத் தொழிலாளர்களுக்குச் சொத்தைப் பல் என்பதே அநேகமாக இல்லை. விழுந்தவை ஓட்டை விழாத, உடையாத, நல்ல பற்கள். பல்லில் ஒரு குறையும் இல்லாமலேயே பல் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் மருத்துவத்தில் இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதிலிருந்தே பிறக்கிறது. சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நாமக்கல் பரமத்தி ரோடு வரை, ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் ஆத்தூரிலும், கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் பல் ஆஸ்பத்திரிகள் பெருகியிருக்கின்றன. நல்ல மாற்றம்தான். பல்லைப் பிடுங்குவது ஒன்றே வைத்தியம் என்றிருந்த ஊர்களில் இன்று ரூட் கேனல், கேப், பிரிட்ஜ், இம்ப்ளாண்ட் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் நோயாளி கேட்பதும் கடன் வாங்கியாவது செலவழிப்பதும் பல்லின் மேல்பகுதிக்கு; அதைத் தாங்கும் ஈறுக்கும் எலும்புக்கும் இல்லை. வளைந்த சேஸிஸின் மேல் எவ்வளவு அழகாகப் பாடி கட்டினாலும் லாரி ரோட்டில் நேராக ஓடாது என்று நாமக்கல்லில் சின்னப் பையனுக்கும் தெரியும். பல்லுக்கு மட்டும் அந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதில்லை. ஈறை அளந்து, நோய் இருந்தால் அதை அடக்கி, அடங்கியதை மறுபடி அளந்து உறுதி செய்த பிறகே நிரந்தரமான கேப்பும் பிரிட்ஜும் இம்ப்ளாண்ட்டும் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் போட்ட பணம் போவதோடு, காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லும் போகும்.

ஈறு நோய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் வரிசை ஏன் முக்கியம் என்பது புரியும். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. தினமும் துடைத்து எடுத்தால் அதோடு போயிற்று. எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிக் கல்லாக இறுகும். அதைத்தான் காரை என்கிறோம். காரையின் சொரசொரப்பில் புதுப் படலம் இன்னும் வசதியாக ஒட்டும். 1965-இல் இதே லோவும் கூட்டாளிகளும் டென்மார்க்கில் ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கி ஒரு வாரம் போல் ஆனதும் தணிந்தது. அதாவது ஆரம்ப கட்டம் முழுக்கத் திரும்பக்கூடியது. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் கதை மாறும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இயல்பாக 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் பள்ளம் இருக்கும். வீக்கம் நீடித்தால் ஒட்டியிருக்கும் திசு பல்லை விட்டு விலகும், பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகும், பாக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் தற்காப்பே பல்லைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும். போன எலும்பு தானாகத் திரும்பாது.

இதில் கொடுமை என்னவென்றால், வலிக்காது. சொத்தை நரம்பைத் தொட்டால் ராத்திரியெல்லாம் தூங்க விடாது. ஈறு நோய் இருபது வருடம் சத்தமில்லாமல் நடக்கும். துலக்கும்போது எச்சிலில் ரத்தம் தெரிவதுதான் அது கொடுக்கும் முதல் தகவல். அதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது நேர்மாறானது: அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வது. இல்லையென்றால் மெடிக்கலில் சொல்லி இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிப் போடுவது. மாத்திரையில் வீக்கம் அமுங்கும், கல் அப்படியே இருக்கும். படலத்துக்குள் பத்திரமாக இருக்கும் கிருமிகளை அது முழுதாகத் தொடவும் முடியாது. உப்புத் தண்ணீரும் கிராம்புத் தைலமும் இதமாக இருக்கலாம், காரையைக் கரைக்காது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வில் 35 முதல் 44 வயதுள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் ஈறு நோயின் ஏதாவதொரு அடையாளம் இருந்தது. ரத்தக் கசிவு, காரை போன்ற லேசான அடையாளங்களும் அந்த எண்ணிக்கையில் சேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உலகக் கணக்கில், கடுமையான ஈறு நோய் 100 கோடிப் பேருக்கு மேல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022 அறிக்கையில் சொன்னது.

இனி கேப்புக்கு வருவோம். ரூட் கேனல் முடிந்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவது நல்ல சிகிச்சை. போடாமல் விட்டால் பல் பிளக்கக்கூடும். ஆனால் கேப்பின் விளிம்பு எங்கே உட்காருகிறது என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. எலும்பின் முனைக்கும் ஈறுப் பள்ளத்தின் அடிக்கும் நடுவில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலத்துக்குத் திசு பல்லோடு நேரடியாக ஒட்டியிருக்கிறது. 1961-இல் வெளியான கார்ஜியுலோ குழுவின் அளவீட்டில் அதன் சராசரி 2.04 மில்லிமீட்டர். இந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் கேப்பின் விளிம்பு நுழைந்தால் உடம்பு அதை ஏற்காது: ஈறு நிரந்தரமாகச் சிவந்து வீங்கி இருக்கும், அல்லது எலும்பு கீழே இறங்கி இடம் கொடுக்கும். வீங்கிய ஈறின் மேல் கேப்புக்கு அளவெடுத்தால் இந்த விளிம்பைச் சரியாகக் கண்டுபிடிக்கவே முடியாது. ரத்தம் கசியும் இடத்தில் அச்சு தெளிவாக விழாது. பிற்பாடு வீக்கம் வற்றினால் ஈறு கீழே இறங்கி, கேப்பின் கறுத்த ஓரம் வெளியே தெரியும். முன்பல்லில் இது நேர்ந்தால் நோயாளி டாக்டரைத் திட்டுவார். தப்பு கேப்பில் இல்லை, அதற்கு முந்தின மாதத்தில் இருக்கிறது. பிரிட்ஜ் இன்னும் சிக்கல். இழந்த பல்லின் சுமையையும் சேர்த்துப் பக்கத்துப் பற்கள் தாங்க வேண்டும். பாதி எலும்பு போன பல்லைத் தூணாக்கினால் மூன்று பல்லும் சேர்ந்து ஆடும்.

இம்ப்ளாண்ட் இந்தச் சிக்கலுக்கு அப்பாற்பட்டது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. டைட்டானியம் சொத்தையாகாது, ஆகவே ஆயுசுக்கும் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் பல்லுக்கு வரும் ஈறு நோய் இம்ப்ளாண்ட்டைச் சுற்றியும் வரும். 2015-இல் டெர்க்ஸ், தொமாசி இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய 43 சதவீதம் பேருக்கு அதைச் சுற்றி ஈறு வீக்கமும், 22 சதவீதம் பேருக்கு எலும்புக் கரைவும் இருந்தது. ஏற்கெனவே ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஈறு நோயால் பல் போயிற்று, அந்த நோயைக் கவனிக்காமல் அதே இடத்தில் இம்ப்ளாண்ட் வைத்தாயிற்று என்றால், முதல் தடவை தோற்ற அதே காரணத்துக்கு இரண்டாம் தடவையும் இடம் கொடுத்தாயிற்று என்று பொருள்.

வரிசைக்கு விதிவிலக்கு உண்டு. அதை மறைத்தால் வாதம் நேர்மையற்றதாகிவிடும். சீழ் கட்டிக் கன்னம் வீங்கினால் உடனே ரூட் கேனலைத் தொடங்க வேண்டும், ஈறுக்காகக் காத்திருக்கக் கூடாது. திறந்து கிடக்கும் சொத்தையையும் முதலிலேயே அடைக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் குழியே அழுக்கின் கிடங்கு. உடைந்த முன்பல்லுக்குத் தற்காலிகக் கேப் போட்டு அனுப்புவதிலும் தவறில்லை. தள்ளிப்போட வேண்டியது நிரந்தர வேலையைத்தான்.

இப்போது எதிர்வாதங்கள். இந்த வட்டாரத்தில் முதலில் வருவது, ‘கிளீனிங் பண்ணினால் பல் ஆட்டங்கண்டுவிடும், சந்து விழும், கூசும்’ என்பது. இதை அறியாமை என்று தள்ளுவது தவறு. சொல்கிறவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கிளீனிங்குக்குப் பிறகு பல் ஆடியதையும் சந்து தெரிந்ததையும் யாரும் கற்பனை செய்யவில்லை. காரணம் மட்டும் வேறு. பல ஆண்டுகள் சேர்ந்த காரை, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் ஒரே பாளமாக இறுகி, எலும்பை இழந்த பற்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும். அந்தப் பாளத்தை எடுத்ததும் உள்ளே ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்கும்போது, வீக்கமும் காரையும் அடைத்திருந்த சந்து திறக்கிறது. காரைக்கு அடியில் மூடியிருந்த வேர்ப்பகுதிக்குக் காற்றும் குளிர்ந்த தண்ணீரும் புதிது, அதனால் கூச்சம். பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். பல் மேல்பூச்சான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். தண்ணீரோடு அதிரும் கருவி, தெரிந்தவர் கையில் அதைத் தேய்த்துவிடாது. வேரின் மேல் அழுத்திச் சுரண்டினால் கொஞ்சம் தேய்மானம் உண்டு என்பது நிஜம், அதனால்தான் கை பழகியவர் வேண்டும். ஆட்டம் தெரிந்துவிடும் என்று பயந்து காரையை விட்டுவைத்தால் அடியில் எலும்பு தொடர்ந்து கரையும். பிறகு பாளத்தோடு பல்லும் கையில் வரும். இந்தப் பயம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதில் மருத்துவர்களுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. ‘எடுத்த பிறகு இப்படித் தெரியும், இதனால் தெரியும்’ என்று முன்கூட்டியே இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால், நோயாளி ஊருக்குப் போய்ப் பத்துப் பேரைத் தடுத்திருக்க மாட்டார்.

இரண்டாவது, ‘தாத்தா வேப்பங்குச்சியில்தான் விளக்கினார், 80 வயதிலும் கரும்பு கடித்தார்’ என்பது. அந்தத் தாத்தா உண்மையானவர். தேயிலைத் தோட்டத்து 11 சதவீதத்தில் அவரும் ஒருவர். எந்தப் பராமரிப்பும் இல்லாமல் தப்பிப்பவர்கள் எப்போதும் உண்டு, அவர்களுடைய உடம்பின் தற்காப்பு அப்படி. 45 வயதுக்கு முன்னாலேயே பொக்கை வாயானவர்கள் எந்த வீட்டிலும் முன்மாதிரியாகப் பேசப்படுவதில்லை, அதனால் நினைவில் தாத்தாக்கள் மட்டும் நிற்கிறார்கள். வேப்பங்குச்சியும் வேலங்குச்சியும் மோசமில்லை. மென்று நாராக்கிப் பொறுமையாகத் தேய்த்தால் பல்லின் முகப்பைச் சுத்தம் செய்யும், வேம்புக்குக் கிருமியை அடக்கும் குணமும் உண்டு. ஆனால் ஈறு நோய் அதிகம் தொடங்குவது இரண்டு பற்களுக்கு நடுவில். அங்கே குச்சியும் போகாது, பிரஷ்ஷும் போகாது. சந்துக்கென்று இருக்கும் சின்ன பிரஷ்ஷோ நூலோதான் போகும். சாம்பல், செங்கல்தூள், கரித்தூள் போட்டுத் தேய்ப்பதோ பல்லையே அரித்துவிடும்.

மூன்றாவது எதிர்வாதம் மருத்துவ ஆய்விலிருந்தே வருகிறது. மற்ற இரண்டையும்விட வலுவானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கிளீனிங் செய்துகொள்ள வேண்டும் என்ற வழக்கத்தை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2018-இல் பரிசோதித்தது. பல் மருத்துவரிடம் ஒழுங்காகப் போய்வருகிற, கடுமையான ஈறு நோய் இல்லாதவர்களுக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த வழக்கத்தால் ஈறில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் இல்லை என்பது அதன் முடிவு. அப்படியானால் கிளீனிங்கே வியாபாரம்தானே என்று ஒருவர் கேட்கலாம். அந்த முடிவை நான் முழுதாக ஏற்கிறேன். அது சொல்வது, நோயில்லாதவரைக் கால அட்டவணை வைத்துச் சுரண்ட வேண்டியதில்லை என்பது. நோய் உள்ளவரை விட்டுவிடலாம் என்று அது சொல்லவில்லை. யார் எந்தப் பக்கம் என்று அளக்காமல் எப்படித் தெரியும்? மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் மெதுவாக இறக்கிப் பள்ளத்தின் ஆழத்தைக் குறிப்பதுதான் அந்த அளவு. வாய் முழுவதற்கும் சேர்த்து நூற்றைம்பது இடங்களுக்கு மேல் வரும். எக்ஸ்ரே எலும்பு போன பிறகு காட்டும். கம்பி, போய்க்கொண்டிருக்கும்போதே காட்டும்.

அளந்து, தேவைப்பட்டவருக்குத் தேவையான இடைவெளியில் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் நீண்ட ஆய்வு இருக்கிறது. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்ஸெல்ஸன், லிண்டே குழு 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 30 ஆண்டுகள் தொடர்ந்த பராமரிப்பில், ஒருவர் சராசரியாக இழந்த பற்கள் இரண்டுக்கும் குறைவு. அவற்றிலும் பல போனதற்குக் காரணம் வேர் உடைந்தது. ஸ்வீடன் எங்கே சேலம் எங்கே என்று சொல்லலாம். ஆனால் அங்கே நடந்ததில் விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. சந்து வரைக்கும் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள், மறுபடி வரவழைத்துப் பார்த்தார்கள், ஆபத்து அதிகமுள்ளவரை அடிக்கடியும் மற்றவரை எப்போதாவதும் கூப்பிட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் 75 பேரை 2010-இல் மறுபடி கண்டுபிடித்துப் பார்த்த ஆய்வாளர்களும் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள்: காரையை அகற்றுவதும் படலத்தையும் ஈறு வீக்கத்தையும் கட்டுக்குள் வைப்பதும்தான் பல் இழப்பைத் தடுக்கும்.

நம் சமவெளியில் இந்த நோய்க்கு உரம் போடும் இரண்டு விஷயங்கள் தாராளமாக இருக்கின்றன. ஒன்று சர்க்கரை நோய். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் அதன் அளவு 14.4 சதவீதம். சர்க்கரை கட்டுக்கு மீறியவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு; வந்தால் வேகமாகவும் முற்றும். மறுபக்கமும் உண்டு. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு மூன்று நான்கு மாதங்களில் 0.43 சதவீதப் புள்ளியும் ஓராண்டில் 0.50 புள்ளியும் குறைவதாகக் காக்ரேன் 2022 மதிப்பாய்வு கண்டது. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கக்கூடிய பலனோடு பக்கத்தில் வைக்கத்தக்க அளவு இது. மாரடைப்பும் இதே போல ஈறைக் கிளீன் செய்தால் தடுக்கப்படும் என்று சொல்லப்படுவதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது, ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2012-இலேயே தெளிவாக்கியது. ஈறைக் கவனிக்க ஈறே போதுமான காரணம்.

மற்றொன்று புகையிலை. 2016-17 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவத்தில் அதைப் பயன்படுத்துபவர். நாமக்கல் லாரி டிரைவருக்கும் கிளீனருக்கும் தூக்கத்தை விரட்டவும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பட்டறைகளில் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுபவருக்குப் பொழுதை ஓட்டவும் பீடியும் ஹான்ஸும் துணை. பீடி, சிகரெட்டில் இன்னொரு வஞ்சகம் உண்டு: ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஈறில் ரத்தக் கசிவைக் குறைத்துவிடும். நோய் கொடுக்கும் ஒரே முன்தகவலும் இப்படி அடைபட்டுப் போகிறது. லாரிக்காரரிடமும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டித் தொழிலாளியிடமும் ‘வாரம் ஒருமுறை நாலு வாரம் வாங்க’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர் ஊரில் இருப்பது இரண்டு நாள். பிறகு நாக்பூரோ கான்பூரோ. வாயை நாலு பாகமாகப் பிரித்து வாரம் ஒன்றாக ஆழமாகச் சுத்தம் செய்வதற்கும், ஒரே நாளில் வாய் முழுவதையும் முடிப்பதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இந்த ஊர் மருத்துவர்கள் தயங்காமல் ஒரே நாளில் முடித்து அனுப்பலாம். வேலையின் தாளத்துக்கு வைத்தியம் வளைந்து கொடுக்காவிட்டால் அந்த மனிதர் வரவே மாட்டார்; வந்தாலும் பல்லைப் பிடுங்கச் சொல்லித்தான் வருவார்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு, அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் நிரந்தரமாகத் தங்கும். அது அழுக்கும் இல்லை, காரையும் இல்லை. பல் உருவாகும்போதே எனாமலுக்குள் ஏறியது. கிளீனிங் அதைப் போக்காது. கல்யாணத்துக்கு முன்னால் கறை போக வேண்டும் என்று வருகிறவருக்குப் பல் நிறத்தில் பூச்சோ மெல்லிய வெனீரோ செய்யலாம். ஆனால் அந்தப் பூச்சும் ஈறோரத்தில்தான் முடிகிறது. ஈறு வீங்கியிருந்தால் பூச்சு ஒட்டுவதிலேயே பழுது.

செலவு என்ற எதிர்வாதம் மிச்சமிருக்கிறது. அளவு, ஆழமான கிளீனிங், மறு அளவு, தேவைப்பட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் ஆபரேஷன். இத்தனையும் சேர்ந்தால் பில் ஏறுமே என்று கேட்பது நியாயம். முதல் மூன்றும் பொதுவாக ஒரு நல்ல கேப்பின் செலவுக்குள் அடங்கக்கூடியவை. மூன்று வருடத்தில் தோற்கும் கேப்போடு ஒப்பிட்டால் லாபம். உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. நூற்றைம்பது இடங்களை அளந்து எழுத அரை மணி நேரம் பிடிக்கும், அந்த அரை மணிக்கு யாரும் பணம் தருவதில்லை. கையில் எடுத்துப் பார்க்க முடிந்த பொருளுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். மருத்துவரும் கடன் வாங்கி ஆஸ்பத்திரி போட்டவர். கேப்பில் வருமானம் இருக்கிறது, அளவில் இல்லை. இதில் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நோயாளி அளவுக்குப் பணம் கொடுக்கத் தயாராக வேண்டும், மருத்துவர் அந்த அளவைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

கையில் காசில்லாதவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் வழி இருக்கிறது. சேலம் அரியானூரில் விநாயகா மிஷன், குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர்., இளையாம்பாளையத்தில் விவேகானந்தா என்று பல் மருத்துவக் கல்லூரிகள் இத்தனை நெருக்கமாக அமைந்த பகுதி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. பல் மருத்துவக் கல்லூரி என்றாலே ஈறு நோய்க்கென்று தனித் துறை உண்டு. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் பிடிக்கும், கட்டணம் குறைவு, அளவெடுப்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நான்கும் தனியாருடையவை. நான்கும் மேற்கே ஒதுங்கியவை. ஆத்தூர், கெங்கவல்லி, சேந்தமங்கலம் பக்கத்து மக்களுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், 2023-இல் தொடங்கிய புதுக்கோட்டை என்று கிழக்கிலேயே நிற்கின்றன. மேற்கு மாவட்டங்களுக்கு ஒன்று கேட்பது நியாயமான கோரிக்கை. அது வரும்வரை, தாலுகா அரசு மருத்துவமனைகளில் பல் பிடுங்கும் மேசைக்குப் பக்கத்தில் காரை எடுக்கும் கருவியும் அளவுக் கம்பியும் நாள் தவறாமல் வேலை செய்ய வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. அந்தத் திட்டத்தின் ஊழியர் வாசலில் நிற்கும்போது, துலக்கினால் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று இரண்டு கேள்வி கேட்டு, ஆம் என்பவரைப் பல் பிரிவுக்குச் சீட்டெழுதி அனுப்ப ஒரு ரூபாயும் கூடுதலாகாது.

அடுத்த முறை கேப்புக்கோ பிரிட்ஜுக்கோ இம்ப்ளாண்ட்டுக்கோ அட்வான்ஸ் கேட்கப்படும்போது நோயாளி கேட்க வேண்டியது, ‘அந்தப் பல்லைச் சுற்றி ஆறு இடத்திலும் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர்? தொட்டால் ரத்தம் வருகிறதா? பக்கத்துப் பற்களில் எவ்வளவு?’ என்பது. 3 மில்லிமீட்டருக்குள் இருந்து ரத்தமும் இல்லையென்றால் தாராளமாக வேலையைத் தொடங்கலாம். 4-ஐத் தாண்டி ரத்தமும் வந்தால் முதலில் ஈறுக்கடியில் சுத்தம், வீட்டில் சந்து பிரஷ், புகையிலையை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவருவது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து அதே இடங்களில் மறு அளவு. இறங்கிய பல்லுக்குக் கேப்புக்கு அளவெடுக்கலாம். 6 மில்லிமீட்டரிலேயே நிற்கும் இடத்துக்கு ஃபிளாப் வேண்டியிருக்கலாம். எதற்கும் மசியாத பல்லை எடுத்துவிட்டு, மற்ற இடங்களில் நோய் அடங்கிய பிறகு இம்ப்ளாண்ட்டைப் பற்றிப் பேசலாம். வேலை முடிந்த பிறகும் முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பி ஈறில் இறங்க வேண்டும், எழுதிய தாளைப் பழைய தாளோடு ஒப்பிட வேண்டும்.